ஒற்றைத் தும்மல்

மனோஜ் தும்மினான். கையை மூக்கருகே கொண்டுபோகாமல், கோட்டைக் கதவு மாதிரி வாயை அகலத் திறந்து, எதிரே கண்ணாடி மேஜை நனையும்படி ஒரே ஒரு தும்மல்.

"தீர்க்காயுசு!" என்றாள் அவன் அம்மா ருக்மிணி.

சந்தானம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளை டாக்டரிடம் காட்டப் போகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல். இன்னொன்று வந்தால் தோஷம் கழிந்துவிடும் என்று மனோஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடிக்கொண்டது.

மூக்கு, முகவாய், காது எல்லாவற்றையும் திருத்தித் தருகிற அந்த விமான் நகர் கிளினிக்குக்கு அவர்கள் வந்தது அவர் மகள் ரோஹிணியின் மூக்குக்காக. போன மாதம் சந்தானத்தின் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் மனோஜுக்குப் பெண் பார்த்து, பஜ்ஜியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன ருக்மிணி, மறுநாள் போன் செய்தாள்.

"எல்லாம் திருப்தி. பொண்ணு மூக்கை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிண்டா முகூர்த்தம் வெச்சுடலாம். செலவு எங்களோடது."

மாப்பிள்ளை வீட்டார் செலவு செய்ய முன்வந்ததாகச் சந்தானம் தன் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே சரி என்று சொல்லிவிட்டார். ஜாதகம் அமோகமாகப் பொருந்தியிருந்தது. மூக்குக்கு ஜாதகத்தில் கட்டம் கிடையாது.

ரோஹிணிக்குத்தான் விளங்கவில்லை. கண்ணாடியில் முன்னும் பக்கவாட்டிலும் பார்த்தாள். மூக்கு முகத்தின் நடுவில்தான் இருந்தது.

"அப்பா, இந்த ஊர்ல ஸ்கூட்டி ஓட்டற பொண்ணுங்க எல்லாம் கண்ணை மட்டும் விட்டுட்டு மூஞ்சி பூரா துப்பட்டாவைச் சுத்திக்கறோம். என் மூக்கை யார் பாக்கப் போறா?"

"இந்த வரனும் தட்டிப் போகணுமாம்மா?" என்றார் சந்தானம். அவள் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது ருக்மிணி நகர்ந்து வந்து, ரோஹிணியின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினாள். விரலில் மத்தியானம் சாப்பிட்ட ரசத்தின் வாசனை.

"மனோஜ், நீயும் பாத்துக்கோடா. எங்கே எவ்வளவு எடுக்கணும்னு சொல்லிடலாம்."

தையல்காரரிடம் ரவிக்கைக்கு அளவு சொல்கிற குரல் அது. மனோஜ் நிமிரவில்லை. மொபைல் விளையாட்டில் பாம்புக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான்.

"பயப்படாதே," என்றாள் ருக்மிணி. "ஆனா பண்ணிக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சுண்டுடணும். ரெண்டு வாரம் முன்னாலேந்தே ஆஸ்பிரின் தொடப்படாது, ரத்தம் நிக்காது. முழிச்சுண்டு பாத்தா ரெண்டு கண்ணும் கத்திரிக்கா மாதிரி ஊதாக் கலர்ல வீங்கியிருக்கும். மூக்குக்குள்ள துணியைத் திணிச்சு அடைச்சிருப்பா. வாயாலதான் மூச்சு. அதை உருவறப்போ மூளையையும் சேத்து இழுக்கற மாதிரி இருக்கும். அப்புறம் கறுப்பு கறுப்பாக் கட்டி வரும், அதை நோண்டப்படாது."

சந்தானம் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"முக்கியமா, தும்மல் வந்தா மூக்கால தும்மவே படாது. வாயை நன்னாத் திறந்துண்டு தும்மணும். இல்லேன்னா உள்ளே பண்ணினதெல்லாம் வீணாயிடும்."

"அரே மாமி, இவ்ளோ டீடெயிலா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ரோஹிணி.

"ஏதோ பத்திரிகைல போட்டிருந்தான்," என்றாள் ருக்மிணி. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் மராட்டியர். ரோஹிணியின் மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்.

"மூச்சு விடறதுல கஷ்டமா?"

"இல்ல, டாக்டர்."

"உனக்கு உன் மூக்கு பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப யாருக்குப் பிடிக்கலை?"

ரோஹிணி ருக்மிணியைப் பார்த்தாள். டாக்டர் டார்ச்சை அணைத்தார். "இதுல கத்தி வைக்க ஒண்ணுமே இல்லையே. தொட்டாத்தான் கெட்டுப்போகும்."

"பெரிசா ஒண்ணும் வேண்டாம் டாக்டர்," என்று ருக்மிணி தன்னுடைய ஹிந்தியில் கெஞ்சினாள். "பேருக்கு ஒரு கீறல். மேலே பெரிய பிளாஸ்திரி. நாலு பேர் பாத்தாப் போறும்."

ஏசிக் காற்று மனோஜுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து, உள்நாக்கு தெரிய வாயைப் பிளந்து, மறுபடி தும்மினான். டாக்டரின் மூக்குக்கண்ணாடி முழுக்கத் துளிகள்.

டாக்டர் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மனோஜ், உனக்கு ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சேப்பா. இனிமே மூக்காலயே தும்மலாம்."

சந்தானம் முதல் தடவையாக மனோஜின் மூக்கைப் பார்த்தார். செதுக்கி வைத்த மாதிரி இருந்தது. செதுக்கித்தான் வைத்திருந்தார்கள்.

ரோஹிணி எழுந்து, துப்பட்டாவை எடுத்து, கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். "சலோப்பா, கிளம்பலாம். ரெண்டாவது தும்மலும் வந்தாச்சு. நல்ல சகுனம்."

கதவு வரைக்கும் போன சந்தானத்துக்கு மனசு கேட்கவில்லை. திரும்பினார்.

"ஏன் மாமி, உங்க பிள்ளை மூக்கை மாத்திண்டார், சரி. நன்னா இருக்கற என் பொண்ணு மூக்குல எதுக்குக் கத்தி?"

ருக்மிணி துளியும் கூசவில்லை. இவ்வளவு கூடவா தெரியாது என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பேரன் இவனோட பழைய மூக்கோட பொறந்தா, அது அம்மாவோட பழைய மூக்குன்னு ஊர் நம்ப வேண்டாமா?"