ஊரெல்லாம் சொன்னவள்

"அது என்ன வாயா, இல்லாட்டி ஒலிபெருக்கியா?"

றோஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள். அந்தப் பக்கம் தையல் மெசினில் குனிந்திருந்த ஜெமீலா நிமிரவில்லை.

"என்ர பிள்ளைக்கு இருதயத்தில ஓட்டை எண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆர் சொன்னது? நீதானே?"

"மாப்புள ஊட்டுக்கு நான் சொல்லல்ல, றோஸக்கா. ஊருக்குத்தான் சொன்னன். அது அங்கயும் போயிருக்கும்."

"ஏன் சொன்னனி? அதில உனக்கு என்ன லாபம்?"

ஜெமீலா வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று பின்னேரமே வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டைத் தென்னங்கிடுகு வைத்து அடைத்தாள் றோஸ். மூதூரில் அந்த இரண்டு வளவுக்கும் இடையே கறியும் கதையும் போய்வந்த பொட்டு அது. சின்ன வயதில் றோஸின் மகள் கிறேஸுக்கு மூச்சு முட்டியபோது, அதற்குள்ளால் ஓடிவந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவளும் இதே ஜெமீலாதான்.

கிறேஸுக்கு அது பிறவிக் குறை. கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யச் சொன்னார்கள். சண்டை, பாதை பூட்டு, இடம்பெயர்வு என்று அது தள்ளித் தள்ளியே போய்விட்டது.

போன வருடம் கிளினிக்கில் டொக்டர் தாயையும் மகளையும் இருத்திவைத்துச் சொன்னார்.

"இந்த ஓட்டையால ஒரு ரத்தக்கட்டி தலைக்குப் போகலாம். அது வயசு பார்க்காது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் மினக்கெடாமல் கொண்டுவாங்கோ. பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கும் சொல்லி வையுங்கோ."

வெளியே வந்ததும் றோஸ் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒருத்தரிட்டயும் மூச்சு விடாதை. பிறகு உன்னை ஆர் கட்டுறது?"

கிறேஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

முதல் சம்பந்தம் முறிந்தபின், அடுத்தது திருகோணமலையில் பொருந்தி வந்தது. மாதா கோயிலடியில் பெண்ணைக் காட்டக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். தாயும் மகளும் தரகர் இராஜநாயகத்தோடு மூதூர் இறங்குதுறைக்குப் போனார்கள். தரைப் பாதை பூட்டு. கடலைக் கடக்கிற லோஞ்ச் ஒன்றுதான் வழி.

துறைமுகப்பில் ஆமிச் சோதனை. கிறேஸ் அடையாள அட்டையை நீட்டினாள். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். வலது கை சொல் கேட்கவில்லை.

"அம்... ழா..."

ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான்.

றோஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் இராஜநாயகம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டுமில்லை ஐயா. காலமை சாப்பிடேல்லை, பசிக்களை. வீட்டை கொண்டுபோய்ப் படுக்க வைச்சால் சரி."

யாரோ சோடாப் போத்தலை நீட்டினார்கள்.

"குடுக்காதீங்க! புரைக்கேறும்!" லோஞ்ச் ஓட்டுகிற பாயிஸ் பாய்ந்து வந்தான். "வாயப் பாருங்க. இது மயக்கமில்ல, பாரிசவாதம். இந்தப் புள்ளைக்கி இருதயத்துல ஓட்டை. ஜெமீலா ராத்தா எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவ!"

அவன் ஆமிக்காரன் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினான். ஆமிக்காரன் கையைக் காட்டித் தடுத்தான். துவக்கு தாழ்ந்தது.

"தெரியும். யூனிபோம் தைக்கிற ஜெமீலா நோனா சொன்னது. போ, போ, கெதியா!"

அவனே வயர்லெஸில் அக்கரைக்கும் அறிவித்தான்.

லோஞ்ச் ஆள் சேரும்வரை நிற்கவில்லை. கிறேஸைச் சரித்துப் படுக்கவைத்தார்கள். றோஸ் செபமாலையைக் கையில் சுற்றியபடி மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் முடிகிறதாயில்லை.

"என்னைப் பார் பிள்ளை. அம்மா எண்டு ஒருக்காச் சொல்லு."

சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

இராஜநாயகம் லோஞ்சில் ஏறவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

அக்கரையில் வாகனம் காத்து நின்றது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "எப்ப தொடங்கினது?" என்றுதான். நேரத்தைப் பாயிஸ் சொன்னான்.

பின்னேரமளவில் கிறேஸின் விரல்கள் அசைந்தன. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

"பெரிசா அடிக்க முதல் கொண்டுவந்திட்டியள்," என்றார் டொக்டர். "நாளைக்குக் கண்டிக்கு அனுப்புறம். அங்க ஓட்டையையும் பார்ப்பினம். பசிக்களை எண்டு வீட்டில படுக்க வைச்சிருந்தால்..."

றோஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி லோஞ்சில் ஜெமீலா மாற்றுடுப்போடு வந்து சேர்ந்தாள். றோஸ் ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ர பிள்ளையைக் காப்பாத்தின உங்களையே நான் வாயில வந்தபடி ஏசினனான். பிள்ளையின்ர உயிருக்காகத்தான் சொன்னனான் எண்டு அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

ஜெமீலா கட்டிலைப் பார்த்தாள்.

கிறேஸ் சொல் சொல்லாக, சிரமப்பட்டுச் சொன்னாள்:

"ராத்தாவைக் கேக்காதைங்கோ அம்மா. டொக்டர் சொன்னபடி ஊருக்குச் சொல்லச் சொன்னது நான். உங்களுக்குப் பயத்தில... என்ர பேரைச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினனான்."