திரும்பி வந்த போர்வை

குழந்தைகளுக்குப் போர்வை பின்னி ஆன்லைனில் விற்பவள் அவள். காலையிலிருந்து, மஞ்சள் போர்வை கேட்டிருந்த ஒரு பெண் மட்டும் மெசேஜில் விடாமல் நச்சரித்தாள்: "இன்னும் அனுப்பலையா?"

"வெள்ளிக்கிழமை அனுப்பிடுறேங்க" என்று ஒவ்வொரு முறையும் பணிவாகவே பதில் போட்டாள்.

மதியம் கூரியர்காரர் ஒரு பார்சலை நீட்டினார். "ரிட்டர்ன்மா. லேட்டா போய்ச் சேர்ந்துச்சாம்."

பிரித்தாள். அந்தப் பெண் கேட்ட அதே மஞ்சள் போர்வை. துவைத்துத் துவைத்து நைந்திருந்தது. ஓரமெல்லாம் குழந்தை கடித்த தடம். நாற்காலியில் அதே போர்வை பாதி பின்னியபடி ஊசியோடு கிடந்தது.

"வாங்கி வச்சுடேன், எதுக்கு வம்பு?" என்றான் கணவன்.

"நான் அனுப்பவே இல்லையே! வாங்க மாட்டேன்."

பார்சலை ஒட்டிக் கூரியர்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு எழுதினாள்: "வெள்ளிக்கிழமைதாங்க அனுப்புவேன். அதுக்கு முன்னாடி திருப்பி அனுப்பாதீங்க."

உடனே பதில் வந்தது: "மன்னிச்சுக்கோங்க. குழந்தை இன்னும் பிறக்கவே இல்ல."

அவள் நிதானமாக அடுத்த வரிசையைப் பின்னத் தொடங்கினாள்.