குப்புறப் படுங்கலே

மூன்று மாவட்டங்களை நடுங்க வைத்த கொள்ளைக்காரன் சேர்மதுரை கடைசியில் பிடிபட்டான். கொள்ளையடித்த விதத்தை நடித்துக் காட்டச் சொல்லி, அதே அடகுக்கடைக்குப் போலீசார் அவனைக் கூட்டி வந்தார்கள். துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுத்தார்கள். கடையில் இருப்பவர்களைக் கொள்ளை நடந்த அன்று நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார்கள்.

"குப்புறப் படுங்கலே!"

அவன் போட்ட சத்தத்தில் முதலாளி படுத்தார், நகை மதிப்பிடுகிறவர் படுத்தார், வாசலில் காவல் நின்ற போலீஸ்காரரும் தன்னையறியாமல் தரையில் விழுந்தார். கல்லாவில் இருக்கும் ஆவுடைத்தாய் மட்டும் நின்றாள். அன்று அவள் முதுகில் காலை ஊன்றிக்கொண்டுதான் அவன் பெட்டகத்து நகைகளை அள்ளினான். அவன் சுட்டதில் குண்டடிபட்ட கடைக் காவலாளியின் முனகலைக் கேட்டபடி அவள் தரையையே பார்த்துக் கிடந்தாள்.

"நீயும் படும்மா. வீடியோ எடுக்காங்கல்லா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"படுக்க மாட்டேன் சார். அன்னைக்குக் குப்புறக் கெடந்ததுல இவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல."

சேர்மதுரை கட்டையை அவள் நெற்றிக்கு நேராக நீட்டினான். "நல்லாப் பாத்துக்கோ," என்று சொல்லிச் சிரித்தான்.

ஆவுடைத்தாய் கண்ணை எடுக்கவில்லை. அவன் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள்.