மூலை இல்லாத பில்கள்

தானியக் கடை வைத்திருந்த பெருச்சாளி அண்ணாச்சிக்கு, யோசிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பில்லின் மூலையைக் கொறிக்கிற பழக்கம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய இரண்டு சாப்ட்வேர்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த பில்லுல ஜிஎஸ்டி நம்பரைக் காணோமே?" என்றது முதலாவது. அடுத்த பில்லுக்கும் அதையே கேட்டது.

"இங்க நான் முதலாளியா, நீ முதலாளியா?" என்று அதைத் தூக்கிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காத இரண்டாவதையே வாங்கினார்.

மூன்றாம் மாதம் வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. இருபது பில்களில் நம்பர் இல்லையாம்.

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று சாப்ட்வேரிடம் கத்தினார்.

"சொல்லியிருந்தா என்னை வாங்கியிருப்பீங்களா, அண்ணாச்சி?"

அண்ணாச்சி நோட்டீஸும் கையுமாக யோசித்தார். யோசித்து முடித்தபோது, பதில் அனுப்பவேண்டிய கடைசித் தேதியைக் காணோம்.