பாதிக் காடு

நீதவானுக்கு முன்னால் நின்ற வன அதிகாரி வினாயகமூர்த்தி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். காட்டுக்காக அழுகிற அதிகாரி ஒருவரை மட்டக்களப்பு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டது. முன்வரிசையில் இருந்த பத்திரிகைக்காரர் அதை மறக்காமல் எழுதிக்கொண்டார்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவன் கோணாமலை. பழுகாமத்துக்கு மேற்கே முப்பது எருமைகளோடு பட்டி வைத்து, தயிர் விற்றுப் பிழைப்பவன். அவன் தகப்பன் காலத்திலிருந்து மாடு மேய்ந்த தரை, நாலு எல்லைக்கல் நட்ட ஒரே நாளில் அரசாங்கக் காடாகிவிட்டது. பிறகு அமைச்சர் ஒருவர் வந்தார். பந்தல் போட்டார்கள், மேளம் அடித்தார்கள், மரம் நட்டார்கள், படம் பிடித்தார்கள். அந்தக் காட்டுக்குத் தீ வைத்தான் என்பதுதான் கோணாமலை மேல் வழக்கு.

"ஒப்புக்கொள்ளு. தண்டத்தோட விட்டிருவாங்க. இல்லாட்டி வழக்கு வருசக்கணக்கா இழுபடும்," என்று அவனுடைய சட்டத்தரணி சொல்லியிருந்தார். பால் கறக்க ஆளில்லாமல் பட்டி கிடக்கிற கவலையில் அவனும் சென்ற தவணையில் தலையாட்டிவிட்டான். இன்று தீர்ப்பு.

"கையும் களவுமாப் பிடிச்சன் ஐயா," என்றார் வினாயகமூர்த்தி. "ஊரில ஒருத்தரும் வர முந்தியே நான் அங்க நிண்டன்."

சான்றுப் பொருட்கள் மேசையில் இருந்தன. இலை கருகிய மரக்கொப்பு ஒன்று, சேறு காய்ந்த சாக்கு ஒன்று. இரண்டுக்கும் நூல் கட்டி, இலக்கம் போட்டு, அரக்கு முத்திரையும் வைத்திருந்தார்கள். தீப்பெட்டி மட்டும் அகப்படவில்லையாம்.

"எத்தனை கன்றுகள் நட்டிருந்தீர்கள்?" என்று நீதவான் கேட்டார்.

"பத்தாயிரம் ஐயா. எல்லாம் முதிரை மரக் கண்டு. பெத்த பிள்ளையளப் போல பாத்த."

"எல்லாமே எரிந்துவிட்டதா?"

"இல்ல ஐயா..." அதிகாரியின் குரல் உடைந்தது. "பாதிதான் எரிஞ்ச."

"அப்படியானால் பாதி தப்பியிருக்கிறதே! சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அல்லவா?"

வினாயகமூர்த்தி சந்தோஷப்படவில்லை, தேம்பினார். "நாளையண்டைக்குக் கொழும்பில இருந்து பெரியாக்கள் காடு பாக்க வாறாங்க ஐயா. நான் என்னத்தக் காட்டுற?"

"மிச்சம் இருக்கிற ஐயாயிரத்தைக் காட்டுங்கள்," என்று நீதவான் ஆறுதல் சொன்னார். அதிகாரிக்கு மறுபடியும் கைக்குட்டை தேவைப்பட்டது. மரத்தின் மேல் ஒரு மனிதருக்கு இவ்வளவு பாசமா என்று நீதிமன்றமே உருகிப்போனது.

நீதவான் கோணாமலை பக்கம் திரும்பினார். "நீ ஏதும் சொல்ல விரும்புகிறாயா?"

"முப்பது மாடும் பட்டிக்க நிக்கு ஐயா. பொஞ்சாதிக்குக் கால் ஏலாது. தண்டம் எவ்வளவு எண்டாலும் கட்டுறன். மறியல் வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க."

வினாயகமூர்த்தி அவசரமாகக் குறுக்கிட்டார். "தண்டத்தோட விட்டா நாளைக்கு ஊரே பத்த வைக்கும் ஐயா. இவங்கட மாட்டுக்குப் புல்லு முளைச்சாப் போதும். காடு எரிஞ்சா என்ன, நாடு எரிஞ்சா என்ன!"

நாடு எரிகிற செய்தி நீதவானை உலுக்கிவிட்டது. காடு, மழை, வருங்காலச் சந்ததி என்று கால் மணித்தியாலம் பேசினார். பேசி முடித்த களைப்போடு, இரண்டு வருடக் கடூழியச் சிறை என்றார். சமூகத்துக்கு இது ஒரு பாடமாக இருக்க வேண்டுமாம். அந்தப் பாடத்தைக் கேட்க ஊரிலிருந்து வந்திருந்தது, கடைசி வாங்கில் உட்கார்ந்து ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டு அழுத அவன் மனைவி இலட்சுமிப்பிள்ளை ஒருத்திதான்.

கோணாமலைக்கு விலங்கு மாட்டி வெளி விறாந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சிறைச்சாலை பஸ் இன்னும் வரவில்லை. காவலர் அதை விசாரிக்கத் தொலைபேசியோடு நாலடி தள்ளிப் போனார். பக்கத்துக் குழாயில் வினாயகமூர்த்தி முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

கோணாமலை அவர் பக்கம் ஓரடி நகர்ந்தான். இனிப் பயந்து என்ன ஆகப்போகிறது?

"ஐயா, நீங்க கண்ணால கண்டதுதானே. ஒத்த மனிசனா நிண்டு, ரெண்டு மணித்தியாலமா கொப்பாலயும் சாக்காலயும் அடிச்சு அடிச்சு நெருப்ப அணைச்சு நூர்த்தவன் நான். கை ரெண்டும் வெந்து போச்சு. அந்தப் பாதிக் காடு என்னாலதானே மிஞ்சின? ஏன் ஐயா எனக்கு இப்படிச் செய்தீங்க?"

வினாயகமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணில் இப்போது ஒரு சொட்டு நீர் இல்லை. ஈர முகத்தோடு அவன் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

"அந்தப் பாதியில என்னடா கிடக்கு? மந்திரி நட்ட அஞ்சு கண்டும் செத்து ரெண்டு வருசம். கொழும்பில இருந்து வாறவனுக்குப் பத்தாயிரம் கண்டு நான் எங்க இருந்து காட்டுற?"

விலங்கு மாட்டிய அவனுடைய வெந்த கைகளை வினாயகமூர்த்தி வெறுப்போடு பார்த்தார்.

"பத்த வைச்ச நானே பேசாம நிக்கக்குள்ள, உன்னை ஆர்ரா நூர்க்கச் சொன்ன?"