பழைய எண்

வேறு மாநிலத்துக்குக் குடிவந்தால் ஓராண்டுக்குள் வண்டியின் பதிவை மாற்றியாக வேண்டும். திருப்பூரில் நம்பர் பிளேட் மாட்டும் கடைக்காரர் கர்நாடக பிளேட்டைக் கழற்ற உட்கார்ந்ததும் மாசிலாமணி அவர் கையைப் பிடித்தான்.

“பழசு மேலயே புதுசை மாட்டிருங்களேன்.”

“செல்லாதுங்க. அதென்ன, அவ்வளவு ராசியான நம்பருங்களா?”

“எங்க தம்பிக்குத் தெரிஞ்ச நம்பருங்க.”

“புது நம்பரைத் தம்பிகிட்டச் சொல்லிட்டாப் போச்சு.”

மாசிலாமணி கையை எடுத்துக்கொண்டான்.

தம்பி குழந்தைவேலு யார் முகத்தையும் பார்க்கமாட்டான். எந்தக் கூட்டத்தில் தவறினாலும் அந்த எண்ணைத் தேடி வந்து, பிளேட்டைத் தடவியபடி நிற்பான். மைசூர் தசராவில் தவறியபோது மட்டும் வரவில்லை. அன்று நெரிசலென்று போலீஸ்காரர்கள் காரை அடுத்த தெருவுக்கு நகர்த்தச் சொல்லியிருந்தார்கள். அதன்பின் மாதம் ஒருமுறை மாசிலாமணி அங்கே போய், முதலில் நிறுத்திய இடத்திலேயே காரை நிறுத்தி, இருட்டும்வரை உள்ளே உட்கார்ந்திருப்பான்.

அந்த மாதமும் போனான். இம்முறை கீழே இறங்கி, புதிய எண் தெரியாதபடி அதன் முன்னால் நின்றான். யாராவது தலைகுனிந்து நடந்து வந்தால், கால்களை இன்னும் நெருக்கிச் சேர்த்துக்கொண்டான்.