குதிகாலைக் கடிக்கும் நாய்

"விட்டுடாதீங்க சார், திமிறுது!"

டாக்டர் மெஹருன்னிஸா அவசரமாக ஊசியில் மருந்தை ஏற்றினார். மேஜை மேல் கோர்கி இன நாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான் ஞானசேகர். குட்டைக் கால், நீள முதுகு. தன் மனைவி பவானியை ஓயாமல் கடிக்கிறது என்று கொன்றுவிடக் கொண்டுவந்திருந்தான்.

முதுகைத் தடவிய டாக்டர் முகம் சுளித்தார். "வீங்கியிருக்கே. இந்த இனத்தை மாடிப்படி ஏற விடலாமா? முதுகெலும்பு போயிடும்."

"நாங்க எங்க ஏத்தறோம்? பவானி மொட்டைமாடிக்குக் கிளம்பினாலே சனியன் பின்னாலயே ஏறுது. அங்க போய்த்தான் கடிக்குது."

"குதிகால்லயா?"

"எப்படித் தெரியும்?"

"மாடு மேய்க்கிற இனம் சார். மந்தையை விட்டு விலகிப் போற மாட்டைக் குதிகால்ல கடிச்சுத்தான் திருப்பும். மாடியில எந்த இடத்துல கடிக்குது?"

"கைப்பிடிச் சுவர்கிட்ட. அது மேல ஏறி உட்கார்ந்து காத்து வாங்கணும்னு சொல்லுவா. இது ஏற விடாது."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "இப்ப வீட்டுல அவங்ககூட யாரு இருக்கா?"

"யாருமில்ல." ஞானசேகரின் பிடி தளர்ந்தது. "நாயை இன்னிக்கே முடிச்சிடுங்கன்னு அனுப்பினதே அவதான் டாக்டர்."